தவசீலன் பெயரில் ஒரு ஜீப்

யாழ்ப்பாணத்தில் மூன்று படைகளின் வண்டிச் சத்தம் கேட்டு வேலி பாய்ந்தவர் பூபாலசிங்கம். நாலாவது படையின் வண்டியை அவர் காசு கொடுத்து வாங்கினார். 2010ஆம் ஆண்டு வைகாசி மாதம், ஊரில் போர் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பாரிசுக்கு வடக்கே ஒரு விவசாயியின் கொட்டிலில், வைக்கோலுக்கும் கோழிகளுக்கும் நடுவே நின்றது 1944ஆம் ஆண்டின் அமெரிக்க ஜீப். பூபாலசிங்கம் அதை மூன்று தரம் சுற்றி வந்தார். எந்தக் கோயில் வீதியிலும் அவர் அவ்வளவு பக்தியாக நடந்ததாகத் தகவல் இல்லை.

பாரிசில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிற ஐம்பது வயது மனிதருக்கு உலக மகாயுத்தத்து ஜீப் எதற்கு? இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர் அவருடைய மனைவி கமலராணி.

“உங்களுக்கு விசரே? ஆமிக்காரன்ரை தொப்பியைக் கண்டாலே வேர்த்துக் கொட்டுற மனுசன்!”

“அது அவங்கடை வண்டி. இது என்ரை. தன்ரை வீட்டு நாய் கடிக்குமெண்டு ஆரும் ஓடுவினமோ?”

“கடிக்கும்,” என்றார் கமலராணி.

வாங்கியது சரி, பதிவது எவர் பெயரில்? இங்கே லா சப்பலின் ஒரு வழக்கத்தை விளக்க வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு மனிதன் முழுதாக ஒரே பெயரில் இருப்பதில்லை. பூபாலசிங்கத்தின் அகதி வழக்கு அப்போது மூன்றாம் தடவையாக நிலுவையில் இருந்ததால் அவர் பெயரில் எதையும் பதிய முடியாது. வீட்டு வாடகை ஒன்றுவிட்ட அண்ணன் பெயரில். கைபேசி அந்த அண்ணனின் சம்பந்தி பெயரில். வேலை, திரான்சிப் புறநகரில் குடியிருந்த ஒரு புண்ணியவானின் வேலை அனுமதி அட்டையில். அந்தப் புண்ணியவானின் பெயர் ரவீந்திரன் என்பதால் முதலாளி ஏழு வருடமாகப் பூபாலசிங்கத்தை ‘ரவி’ என்றே கூப்பிட்டார். அவரும் திரும்பிப் பார்த்தார். இதையெல்லாம் எவரும் பொய் என்று சொல்வதில்லை. உதவி என்பார்கள்.

கமலராணியிடம் பத்து வருட வதிவிட அட்டை இருந்தது. ஆனால், “என்ரை பேரிலை பீரங்கி வண்டி வேண்டாம். நாளைக்கு ஆராவது செத்தால் என்னைத்தான் பிடிப்பாங்கள்,” என்று அவர் மறுத்துவிட்டார். எனவே அவருடைய தம்பி தவசீலன் அழைக்கப்பட்டான். கைபேசிக் கடையில் உடைந்த திரை மாற்றுகிறவன்; வாசனைத் திரவியம் இல்லாமல் வெளியே வராதவன். தேநீர்க் கடை மேசையில், ஒரு மீன் ரோல்ஸ் தின்று முடிக்கிற நேரத்துக்குள் காரியம் ஆயிற்று.

“அத்தான், உங்கடை எண்டா என்ன, என்ரை எண்டா என்ன? ஒரு கையெழுத்துத்தானே,” என்றான் தவசீலன், விரலைத் துடைத்துக்கொண்டு.

வண்டியின் பதிவுப் பத்திரத்தை அங்கே ‘கார்த் கிரீஸ்’ என்பார்கள். அதில் தவசீலன் ஏறினான். ஜீப் புறநகரான எபினேயில் ஒரு வாடகைக் கராஜில் ஏறியது.

யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத வருடங்களில் மண்ணெண்ணெயில் கார் ஓட வைத்த கை பூபாலசிங்கத்தின் கை. ஒன்பது மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து அந்த ஜீப்பை அவர் இரும வைத்தார், பிறகு உறும வைத்தார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஜீப் வைத்திருக்கும் மனிதனுக்கு இடுப்பு வெறுமையாகத் தோன்றும்போலும். பழைய சாமான் சந்தைகளில் அவர் கைத்துப்பாக்கிகளைப் பார்க்கத் தொடங்கினார். 1900க்கு முந்திய மாதிரிகளுக்குப் பெரும்பாலும் அனுமதி தேவையில்லை என்று கேள்விப்பட்டதும் மூன்று வாங்கினார். கல் உரசிப் பொறி பறக்கும் கிழவி ஒன்று. இரட்டையாகப் பிறந்து தனியாகிப்போன துவந்தயுத்தத் துப்பாக்கி ஒன்று. 1873ஆம் ஆண்டு மாதிரியில் பிரெஞ்சுப் படையின் ரிவால்வர் ஒன்று. மூன்றுக்கும் குண்டு கிடையாது. எறிந்தாலொழிய ஒரு கரப்பானையும் அவற்றால் கொல்ல முடியாது. வாங்கிய ரசீதுகளிலும், பழக்க தோஷத்தால், தவசீலன் பெயரே இருந்தது.

பழைய வண்டியை வீதியில் ஓட்ட ஒரு கழகத்தில் சேருவது நல்லது என்றார்கள். புறநகரில் இருந்த அப்படியொரு கழகத்தின் தலைவர் பெர்னார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வெள்ளை மீசைக்காரர். அவர் அனுப்பிய வரவேற்புக் கடிதம் ‘மதிப்புக்குரிய திரு. தவசீலன்’ என்று தொடங்கியது. ஆகவே நாமும் இனி அவரை மரியாதையாகவே குறிப்பிட வேண்டும்.

உறுப்பினர் நேரில் வர வேண்டும் என்பது கழகத்தின் விதி. திரு. தவசீலன் போனார். கூடப் போன பூபாலசிங்கம் யார் என்று பெர்னார் கேட்டதற்கு, “என் மெக்கானிக்,” என்றார் தவசீலன். அது பூபாலசிங்கமே சொல்லிக்கொடுத்த பதில். இரண்டாம் இலக்க மெட்ரோ ரயிலில் போகும் வழியில் அவர் மைத்துனருக்குப் பாடம் எடுத்திருந்தார்.

“எத்தினை சிலிண்டர்?”

“ஆறு.”

“நாலு! மச்சான், நாலு. எத்தினை குதிரை?”

“குதிரையும் பூட்டுறதோ?”

“அறுபது. கேட்டா அறுபது எண்டு சொல்லு. மிச்சத்துக்கு என்ரை விரலைப் பார்.”

முதல் வருடம் தவசீலன் விரலைப் பார்த்தார். இரண்டாம் வருடம் பார்க்காமலே சொன்னார். மூன்றாம் வருடம் பூபாலசிங்கம் எதையோ சொல்ல வாயெடுத்தபோது, “அது அப்பிடியில்லை அத்தான்,” என்று திருத்தினார். காக்கித் தொப்பி வந்தது. கறுப்புக் கண்ணாடி வந்தது. அந்தப் புறநகர்ப் பத்திரிகையில் படமும் வந்தது: ஜீப்பின் மூக்கில் கை வைத்தபடி தவசீலன், கீழே, ‘இரவு பகலாக என் கைகளாலேயே உயிர் கொடுத்தேன்’ என்ற வாசகம். ஜீப்பின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கமலராணி அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினார்.

“உங்கடை காலும் விழுந்திருக்குத்தானே,” என்று கணவரைத் தேற்றினார்.

துப்பாக்கிகள் கழகத்தின் கண்காட்சிக்குக் கண்ணாடிப் பெட்டியில் போயின. ‘தவசீலன் சேகரிப்பு’ என்று அழகான எழுத்தில் அட்டை வைத்தார்கள். கண்காட்சி முடிந்ததும் பெட்டி அட்டையில் இருந்த பெயரின் வீட்டுக்குப் போனது. அது இயல்புதானே.

2014இல் பூபாலசிங்கத்துக்கு வதிவிட அட்டை கிடைத்தது. அதே தேநீர்க் கடையில், பெயர் மாற்றும் படிவத்தை மைத்துனர் முன் விரித்தார்.

“அத்தான், கொஞ்சம் பொறுங்கோ. நான் நசியோனாலித்தேக்குப் போட்டிருக்கிறன். இந்த நாட்டோடை எப்பிடிச் சேர்ந்து வாழுறாய் எண்டு கேப்பாங்கள். ஜீப்பைத்தான் எழுதிக் குடுத்தனான். பெர்னாரும் கடிதம் தந்தவர்.”

பூபாலசிங்கம் பொறுத்தார். குடியுரிமை வந்தது. லட்டுக் கொடுத்தார்கள், அவர் இரண்டு எடுத்தார். பிறகு படிவத்தை எடுத்தார்.

“இப்ப மாத்தினா பொய் சொல்லி எடுத்ததெண்டு வந்திடும் அத்தான். பறிச்சுப்போடுவாங்கள். உங்கடை பெண்சாதியின்ரை தம்பியை ரோட்டிலை விடப்போறியளோ?”

“எனக்கு என்ரை ஜீப் வேணும், தவசீலன்.”

“ஆர் வேண்டாமெண்டது? ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. பிரேக் ஒருக்கால் பாக்கோணும்.”

அடுத்த சனிக்கிழமை பூபாலசிங்கம் பெர்னார் வீட்டுக்குத் தனியாகப் போனார். அவர் அறிந்த பிரெஞ்சு முழுவதும் சமையலறையில் கற்றது. அதில் வினைச்சொற்கள் எல்லாம் கட்டளைகள். இருந்தாலும் மூன்று நாள் மனனம் செய்திருந்தார். ஜீப் என்னுடையது. துப்பாக்கிகள் என்னுடையவை. தவசீலன் பெயர் மட்டும். சொல்லி முடித்து மூச்சு வாங்கினார்.

பெர்னார் அதிர்ச்சி அடையவில்லை. எழுந்து வந்து பூபாலசிங்கத்தின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டார்.

“தெரியும் நண்பரே. எங்கள் எல்லோருக்கும் தெரியும். தவசீலன் முதல் வருடமே சொல்லிவிட்டார். உங்கள் நாட்டில் நடந்த யுத்தம்... அதன் பிறகு எந்த ஜீப்பைக் கண்டாலும் உங்களுடையது என்று தோன்றுமாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.”

கழகத்தில் ஏன் தமக்கு முதலில் கோப்பி ஊற்றினார்கள், கேக்கில் ஏன் பெரிய துண்டு வந்தது, தாம் பேசும்போது ஏன் எல்லோரும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார்கள் என்பதெல்லாம் அந்த நாற்காலியில் வைத்து அவருக்கு விளங்கியது. ஐந்து வருடமாக அதை அவர் பிரெஞ்சுப் பண்பாடு என்று நினைத்திருந்தார்.

பெர்னார் நல்ல மனிதர், கேட்டதோடு விடவில்லை. ஜூன் மாத அணிவகுப்பில் ‘நம் மெக்கானிக்’ ஒரு தடவை ஜீப்பை ஓட்ட உரிமையாளர் அனுமதிக்க வேண்டும் என்று தவசீலனிடம் வேண்டினார். உரிமையாளர் பெருந்தன்மையோடு சம்மதித்தார்.

அப்படித்தான் 2016இல், கொளுத்தும் வெயிலில், பூபாலசிங்கம் தம் ஜீப்பைக் கருணையின் பேரில் ஓட்டினார். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு தவசீலன். இரண்டு பக்கமும் கழகத்தவர்கள் கை தட்டினார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தார். “மெதுவா அத்தான், வண்டி பழசு,” என்றார் தவசீலன். கமலராணி நடைபாதையில் ஓடி ஓடிப் படம் எடுத்தார்.

மாலையில் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் குடும்ப வட்ஸ்அப் குழுவில் காணொளி வந்துவிட்டது. ‘எங்கள் அத்தானின் நீண்ட நாள் ஆசையை இன்று நிறைவேற்றி வைத்தோம்’ என்று தவசீலன் எழுதியிருந்தார். நோர்வேயிலிருந்தும் லண்டனிலிருந்தும் இதயங்கள் விழுந்துகொண்டிருந்தன. முதல் இதயம் கமலராணியுடையது.

பூபாலசிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்: ‘ஜீப் என்ரை. துவக்கு மூண்டும் என்ரை. தவசீலன் கள்ளன்.’

இதயங்கள் நின்றன. கனடாவிலிருந்து கமலராணியின் சின்னம்மாவின் மகள் புஸ்பராணி எழுதினார்: ‘பாவம் அத்தான். இன்னும் அப்பிடித்தானோ? டொக்டரிட்டைக் காட்டுறியளோ அக்கா?’

பூபாலசிங்கம் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

“கனடாவுக்கும் சொல்லியிருக்கிறான். உனக்கு?”

கமலராணி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

“என்னட்டைக் கேட்டவன்தான். ‘அத்தானுக்குக் கொஞ்சம் சுகமில்லை எண்டு சொல்லட்டோ அக்கா, ஒரு சொல்லுத்தானே’ எண்டான். அவனுக்கு எதிர்காலம் இருக்கெல்லே. நீங்கள் எப்பிடியும் வண்டிக்குக் கீழைதானே கிடக்கிறியள், ஆர் என்ன சொன்னால் என்ன எண்டு நினைச்சன்.”

“நீ என்ன சொன்னனீ?”

“ஓம் எண்டன்.”

பூபாலசிங்கம் கைபேசியில் மறுபடி தட்டத் தொடங்கினார். கமலராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கைபேசியை அவர் விரல்களிலிருந்து மெல்ல எடுத்து, அனுப்புமுன் அவர் எழுதியதை அழித்தார். பிறகு, அவருக்கும் கேட்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார்:

“இண்டைக்கு நல்ல வெயில்... களைச்சுப்போனார்... நாளைக்குச் சரியாயிடும்.”