மூன்று மாதம் நிரம்பாத குட்டிகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்பே தங்கள் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவள் என்பதால் பிள்ளைகளின் பேரையும் வயதையும் புத்தகத்தில் எழுதுவதும் என் வேலை. எனக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் அந்த வேலையைக் கொடுத்தார்கள் என்று நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் பேசிக்கொண்டார்கள், பேசட்டும்.

காம்பராவில் எலித் தொல்லை. பால்மா வாசனைக்கு வரும். ஒருநாள் தொட்டிலில் கிடந்த கைக்குழந்தையின் கால் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. அதற்குப் பிறகு லயத்தில் திரிந்த பூனை ஒன்றைச் சோறு வைத்துப் பழக்கினேன். எலி ஒழிந்தது. வைகாசி கடைசி வாரத்தில் அந்தப் பூனை விறகு மூலையில் இரண்டு குட்டி போட்டது.

அந்த ஆனி மாதத்தில் கீழ்ப் பிரிவில் வெறிபிடித்த ஒரு விசர்நாய் இரண்டு பேரைக் கடித்தது. இருவரும் பதுளை ஆஸ்பத்திரியில் தங்கி, நாளுக்கு ஒன்றாக வயிற்றில் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். உடனே தோட்டத்துத் துரை உத்தரவு போட்டார். ஆடியில் மிருக வைத்தியர் தோட்டத்துக்கு வருவார். நாய் பூனை எல்லாவற்றுக்கும் ஊசி போட வேண்டும். ஊசி போடாதவற்றைக் காவல்காரன் சாக்கில் பிடித்துக்கொண்டு போய் ஆற்றில் போட்டுவிடுவான். அவன் அந்த வேலையில் சுணங்குகிறவன் இல்லை.

எங்கள் டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து கொடுப்பதிலும் பேச்சிலும் அளவு தப்பாதவர். ஊசிக்கு இரண்டு நாள் முன்பு காம்பராவுக்கு வந்து குட்டிகளைப் பார்த்தார்.

“மூண்டு மாதம் நிரம்பியிருக்க வேணும். நிரம்பாட்டில் இப்ப போட்டும் பிரயோசனம் இல்லை. நிரம்பின பிறகு பதுளைக்கு அனுப்பிப் போடுவிக்கலாம். ஆனா அதுவரைக்கும் பிள்ளையள் இருக்கிற இடத்தில இதுகள் நிக்கக் கூடாது.”

பிறகு கேட்டார்: “குட்டியளுக்கு எத்தனை மாதம்?”

எங்கள் லயத்தில் வயது எண்ணுகிற முறை ஒன்று உண்டு. பிள்ளை பிறந்த மாதமே முதல் மாதம். மாதக் கடைசி நாளில் பிறந்தாலும் மறுநாளே ‘ரெண்டு நடக்குது’ என்பார்கள். காம்பராப் புத்தகத்திலும் நான் அப்படித்தான் எழுதிவந்தேன். யாரும் தப்பு சொன்னதில்லை. வைகாசி ஒன்று, ஆனி இரண்டு, ஆடி மூன்று.

“மூணு மாசமுங்க ஐயா” என்றேன்.

“நிரம்பிட்டுதோ?”

முதல் பதிலில் எனக்கு வெட்கமில்லை. அது எங்கள் கணக்கு. இந்த இரண்டாவது கேள்விதான் இன்றுவரை என்னை விடவில்லை. சாக்கும் காவல்காரனும் என் கண்முன் வந்தார்கள். குட்டிகளை ஒரு கூடையில் போட்டு என் லயத்துக் காம்பராவில் ஒளித்துவைத்திருக்கலாம். ஐந்தாறு வாரப் பாடு. அதற்கு எனக்குத் தைரியமும் இல்லை, பொறுமையும் இல்லை.

“ஆமாங்க” என்றேன்.

பெரட்டுக் களத்தில் ஊசி போட்டார்கள். நாய்கள் ஊளையிட்டுக்கொண்டு கிடந்தன. மிருக வைத்தியர் சிங்களவர். குட்டியின் பிடரியைப் பிடித்துத் தூக்கி, “இது சின்னதுதானே?” என்று டிஸ்பென்சரைப் பார்த்தார். டிஸ்பென்சர் என்னைப் பார்த்தார். “தாய்க்குப் பால் பத்தாதுங்க, அதான் வளரல” என்று நான் முந்திக்கொண்டேன். பின்னால் இன்னும் நாற்பது நாய்கள் நின்றன. தாய்க்கும் குட்டிகளுக்கும் ஊசி போட்டுவிட்டார்.

டிஸ்பென்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த துண்டுச் சீட்டை நான் காம்பராச் சுவரில் ஆணியில் மாட்டினேன். அடுத்த ஆடியில் மறு ஊசி என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது, கேடுகெட்ட பெருமை. ஒரு குட்டி அந்த வாரமே வயிற்றுப்போக்கில் செத்தது. மற்றது, செவலையும் வெள்ளையுமானது, நன்றாக வளர்ந்தது.

ஐப்பசி மழையில் எங்கிருந்தோ வந்த நாய் ஒன்று முற்றத்தில் புகுந்து குட்டியின் முதுகைக் கவ்வியது. விளக்குமாற்றால் அடித்து விரட்டினேன். காயத்தைக் கழுவி மஞ்சள் வைத்தேன். ஊசி போட்டதுதானே என்று டிஸ்பென்சரிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துக் குட்டி தொட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கத் தொடங்கியது. சோறு வைத்தால் வரவில்லை. காம்பராவில் இருந்த பிள்ளைகளில் மூத்தவள் ஒருத்தி. பேச்சு நன்றாக வந்துவிட்ட பிள்ளை. தொட்டில் ஆட்டிவிடுவாள், அழுகிற குழந்தையை “ச்சூ, ஆயா வரும்” என்று மிரட்டுவாள். அவள் குனிந்து குட்டியை இழுத்தாள். அது அவள் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஆழமாகக் கடித்துவிட்டு, கதவைத் தாண்டித் தேயிலைக்குள் ஓடியது. திரும்பி வரவேயில்லை.

சவர்க்காரம் போட்டுக் கழுவி டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தாயையும் மலையிலிருந்து கூப்பிட்டார்கள்.

“எந்தப் பூனை?” என்று கேட்டார் டிஸ்பென்சர்.

“காம்பராப் பூனைங்க. ஊசி போட்டது.”

அவர் காயத்தைத் திருப்பிப் பார்த்தார். “ஊசி போட்டதெண்டால் பெரிசாப் பயமில்லை. எண்டாலும் பதுளைக்கு அனுப்பினால் நல்லது. தாய் என்ன சொல்றா?”

அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்க என்னக்கா சொல்றீங்க?”

நாய் கடித்ததை அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால், இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள். பூனையோடு சேர்த்து என்னையும் வெளியே போடுவார்கள். அதற்கு மேல், அந்தச் சின்ன வயிற்றில் பதினான்கு ஊசி என்று நினைக்கவும் பொறுக்கவில்லை. “பூனைக்குத்தான் ஊசி போட்டாச்சே. புள்ளைக்கு வேற எதுக்கு?” என்றேன். அவள் தலையாட்டினாள். டிஸ்பென்சர் மருந்து வைத்துக் கட்டினார்.

மார்கழி முதல் வாரத்தில் ஒரு காலை, பிள்ளை தேத்தண்ணியை வேண்டாம் என்றாள். கோப்பையை வாயருகே கொண்டுபோனேன். அவள் தொண்டை வெட்டி இழுத்தது. கோப்பையைத் தட்டிவிட்டு என்னைப் பயந்து பார்த்தாள். எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தோட்டத்து லொறியில் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அதே லொறியில் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் டிஸ்பென்சர் காம்பராவுக்கு வந்தார். ஆணியிலிருந்து துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “அந்தக் குட்டி எப்ப பிறந்தது? மாதம் வேண்டாம், நாளைச் சொல்லு.”

சொன்னேன். விரல்விட்டு வாரங்களை எண்ணினார். “ஊசி போட்ட அண்டைக்கு ஏழு கிழமைகூட இல்லை” என்றார். பிறகு நாய் கடித்ததையும் சொன்னேன். அவர் துண்டைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தத் துண்டில் அவர் கையெழுத்தும் இருந்ததே. நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தாய்க்குக் கடைசிவரை தெரியாது. விதி என்று சொல்லி அழுது ஓய்ந்தாள். நானும் அவள் கூட உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை, ஆனால் அதற்கு எனக்கு உரிமை இல்லை.

அடுத்த வருசம் அவளுக்கு இன்னொரு பெண் பிறந்தது. பெரட்டுக்கு முன்னால் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். நான் புத்தகத்தை எடுத்தேன்.

“ரெண்டு நடக்குதுக்கா.”

“மாசம் வேணாம். எத்தனை நாளுன்னு சொல்லு.”

அவள் விரல்விட்டு எண்ணினாள். “முப்பத்தாறு. இப்பல்லாம் ஏங்க்கா எல்லாருகிட்டயும் நாள் கணக்குக் கேக்குறீங்க?”

முப்பத்தாறு என்று எழுதினேன்.

“உங்ககிட்ட விட்டுட்டுப் போனா எனக்கு ஒரு பயமும் இல்லக்கா” என்று சொல்லி, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அவள் மலைக்குப் போனாள்.