வேணாம், முதலில்

கஸ்தூரி மேடம் போய்விட்டார். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து அவருடைய தம்பி முருகேசன் போன் செய்தார். "நெஞ்சுல சளி கட்டிக்கிச்சும்மா. பொன்னேரி ஆஸ்பத்திரில தொண்டைல குழாய் போட்டு மெஷின்ல வைக்கணும்னாங்க. அக்காவே வேணாம்னுடுச்சு. நாங்களும் விட்டுட்டோம்." 'வேணாம்' என்ற சொல்லை அவர் எப்படிப் பயன்படுத்துவார் என்று எனக்குத் தெரியும்.

அவரோடு வேலை பார்த்த நம்மில் பலர் அவரை நேரில் பார்த்ததே இல்லை. பெரிய ராணுவ மருத்துவமனையில் திரைகளின் முன் உட்கார்ந்து, எல்லையோரச் சிறு மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் படுக்கைகளைக் கவனித்த டாக்டர் அவர். மலைமேல் ஒன்றில் நான் நர்ஸ். கேமராவை மானிட்டர் பக்கம் திருப்பினால் போதும், கோபத்தில் குப்பத்துப் பேச்சு வந்துவிடும். "மெஷின இன்னாத்துக்குக் காட்டுற? அந்த நம்பரு எனக்கே வருது. ஆளோட காலக் காட்டு, நீலமாயிக்கீதா பாக்கணும்." அவசரம் என்றால் எங்கள் இருவருக்கும் தமிழ்தான் வாயில் வரும்.

அந்தத் தமிழே ஒருநாள் ஓர் உயிரைக் கொண்டுபோனது. ஒரு சிப்பாயின் ரத்த அழுத்தம் விழாமல் பிடித்து வைத்திருந்த சொட்டு மருந்தைப் பற்றி, "அத நிறுத்த வேணாம்" என்றார். பனிப்புயலில் இணைப்பு அறுந்தது. எங்களுக்கு வந்து சேர்ந்தது 'அத நிறுத்த' வரைதான். நிறுத்தச் சொல்கிறார் என்று எண்ணி நிறுத்தினோம். படம் திரும்பி வந்தபோது எல்லாம் கைமீறியிருந்தது. அந்தச் சிப்பாய் பிழைக்கவில்லை. விசாரணையில் மேடம் எங்களில் ஒருவரையும் கைகாட்டவில்லை. என்னிடம் மட்டும், "உங்க மேல தப்பு இல்ல. வேணாம்ங்கறத நான் கடைசில வெச்சேன்" என்றார்.

அன்றிலிருந்து அவர் பேச்சே தலைகீழானது. "வேணாம், மருந்த நிறுத்தறது." "வேணாம், தண்ணி குடுக்கறது." முழுவதையும் நாங்கள் திருப்பிச் சொல்லும்வரை அடுத்த வார்த்தை பேசமாட்டார். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின்னும் அது விடவில்லை. "'வேணாம், கொழம்பு ஊத்தறது'ங்குதும்மா. எந்த ஊர்த் தமிழோ!" என்று முருகேசன் போனில் கிண்டல் செய்வார். பக்கத்தில் மேடம் சிரிப்பது கேட்கும். காரணத்தை அவர் வீட்டில் சொல்லவே இல்லை.

காரியத்துக்குப் போனேன். வலைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டார்கள். முருகேசனிடம், "வேணாம்னதுக்கு அப்புறம் ஏதாவது சொன்னாங்களா அண்ணா?" என்று கேட்டேன்.

"இன்னாவோ சொல்ல வந்துச்சும்மா. வாய் அசஞ்சுது. மூச்சு வரல." என் முகத்தையே பார்த்தார். "நாங்க செஞ்சது சரிதானே? நீ நர்சு, சொல்லும்மா."

குழாய் போடுவது வேண்டாம் என்றாரா, அப்படியே விட்டுவிடுவது வேண்டாம் என்றாரா? இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. "சரிதான் அண்ணா" என்றேன்.

மேடம் எனக்கு விட்டுப்போனது அந்தப் பாதி வாக்கியம்தான். அவரை அறிந்த நம்மோடு அது இருக்கட்டும். வேணாம், அந்த வீட்டுக்குத் தெரிவது.