தாய்மாமன் இல்லாத காதுகுத்து

இந்தத் தேயிலை நாட்டில் ஏழு நாளைக்கு ஒரு நாள் தப்பு மேளம் அடிக்காது. மற்ற நாளெல்லாம் விடியும் முன்பே தப்புச் சத்தம் லயத்து வரிசை வீடுகளை எழுப்பி, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குத் துரத்தும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரத் துரை தன் கோயிலுக்குப் போகிறார் என்று நமக்கும் வேலை இல்லை. ஊரில் மழை பெய்தால்தான் ஓய்வு. சாமி பேரைச் சொல்லி வாராவாரம் ஒரு நாள் சும்மா இரு என்று அங்கே யாரும் சொன்னதில்லை. வந்த புதிதில் அன்றைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பேன். இப்போது அந்த ஒரு நாள் போதவில்லை. விறகு, துவைப்பு, பேன் பார்ப்பது, எண்ணெய் தேய்ப்பது, எல்லாம் அதற்குள். வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவன் பெரியசாமிக்குப் பதினைந்து வயது, நாங்கள் பெற்றவன். செல்லிக்கு ஆறு, அவள் தம்பி கருப்பனுக்கு நாலு. அவர்கள் இருவரும் நாங்கள் பெறாதவர்கள்.

அவர்களுடைய அப்பனும் ஆத்தாளும் தூத்துக்குடியில் எங்களோடு ஒரே கப்பலில் ஏறினவர்கள். வேறு ஜாதி. ஊரில் அவர்கள் தெருவில் நான் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்க மாட்டேன். கப்பலில் என் மனைவி அங்கம்மா வாந்தியெடுத்துக் கிடந்தபோது அந்தப் பெண்தான் தலையைப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை, கிடைத்தது. போன வருஷ மழையில் காய்ச்சல் வந்து, ஒன்பது நாள் இடைவெளியில் புருஷனும் பெண்சாதியும் போய்விட்டார்கள். இரண்டாவது பாடை போன அன்று அங்கம்மா பிள்ளைகளை எங்கள் காம்பராவுக்குள் கூட்டிக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. நான் பாயை நகர்த்தி இடம் விட்டேன். பெரியசாமி ஒன்றும் சொல்லவில்லை. அவன் பேசாதது எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் படுக்கிற இடம் சுருங்கிற்று, சோறு சுருங்கிற்று. அந்தப் பிள்ளைகளை அவன் "ஏய்" என்பான். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

லயத்துப் பெண்கள் அங்கம்மாவை விடவில்லை. "ஆறு வயசாச்சு, காது மூளியாக் கெடக்கு. பெத்த புள்ளையா இருந்தா இப்பிடி விட்டிருப்பியா?" என்றார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவது முறை. அங்கம்மாதான் ஆத்தாள் என்றால் அவள் தம்பி சடையன்தான் மாமன். பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறான். கேட்டதும் வருகிறேன் என்றான். அவன் மடியில் உட்கார்ந்துவிட்டால் இவர்கள் எங்கள் பிள்ளைகள் என்பது நாலு பேர் அறிய ஆகிவிடும். எங்களிடம் காகிதம் ஒன்றும் கிடையாது. அந்த மடிதான் எங்களுக்குக் காகிதம்.

சனிக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்ததும் மூன்று பிள்ளைகளோடும் அப்புத்தளைக் கடைத்தெருவுக்கு இறங்கினேன். வெற்றிலை விற்ற சிங்களப் பெண் கையை நீட்டி, "ஒக்கொம ஒயாகெத?" என்றாள். எல்லாம் உனக்கா என்கிறாள் என்று நினைத்து, "ஓவ்" என்றேன். அவள் செல்லியின் கன்னத்தைத் தட்டிவிட்டு இன்னும் ஒரு பிடி வெற்றிலை வைத்தாள். திரும்புகிற வழியில் பெரியசாமி சிரித்தான்.

"அப்பா, அவ வெத்தலையக் கேக்கல. மூணு புள்ளைகளும் ஒங்களுதானான்னு கேட்டா. நீங்களும் ஆமான்னுட்டீங்க."

"இல்லேன்னா சொல்றது?"

அவன் முன்னால் நடந்தான்.

ஞாயிறு காலையில் நாவிதர் இரண்டு தலையையும் மழித்தார். "ரெண்டு பூசணிக்கா காய்ச்சிருச்சு, வெலைக்கு வருமா?" என்று அவர் கேட்க, கருப்பன் அழுகையை விட்டுச் சிரித்தான். ஆசாரி கம்பியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சடையன் வெள்ளை வேட்டியோடு வந்தான். பலகை போட்டதும் நின்றுவிட்டான்.

"அக்கா, நான் ஒக்கார மாட்டேன்."

"ஏன்டா?"

"ஒன் வயித்துப் புள்ளைன்னா ஒக்காருவேன். இதுகளுக்கு மாமன்னு ஒக்காந்துட்டா முறை ஆயிரும். நாளைக்கு எம் மவனுக்கு இவளக் கட்டுன்னு சொல்லுவ."

"ஆறு வயசுப் புள்ளைக்கு இப்பவே மாப்புள பாக்குறியா நீ?"

"சிரிக்காதக்கா. எஞ் சனம் என்னச் சேத்துக்காது."

வெற்றிலையைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். லயமே பார்த்துக்கொண்டிருந்தது. "மழை இருட்டிக்கிட்டு வருது. யாராச்சும் ஒரு ஆளு மடியக் குடுங்கப்பா" என்றார் ஆசாரி. எனக்கு அவமானத்தில் ஒன்றும் ஓடவில்லை. மாமன் இடம் காலியாகத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் தோன்றியது. பெரியசாமியைப் பார்த்து, "நீ ஒக்காருடா" என்றேன்.

"மாட்டேன்."

அறைந்துவிட்டேன். அவனை நான் அடித்துப் பல வருஷம் ஆகிறது.

அவன் கன்னத்தைத் தொடவில்லை. "மாமன்னு ஒக்காந்தா முறை ஆயிரும்னு இப்பத்தானே மாமா சொன்னாரு? நான் ஒக்காந்தா நாளைக்கு இவள எனக்கே கட்டலாம்பாங்க. இவ எந் தங்கச்சி. தங்கச்சிக்கு நான் எப்பிடிப்பா மாமனாவேன்?"

ஊரில் சின்னப் பிள்ளைகூட இப்படி முறை தப்பிப் பேசாது. நான் பேசினேன். தங்கச்சி என்று அவன் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அங்கம்மா பலகையில் உட்கார்ந்து செல்லியை மடியில் இழுத்துக்கொண்டாள். "குத்துங்க ஆசாரி." பெரியசாமி தலையைப் பிடித்தான். செல்லி அவன் கையைக் கடித்தாள். அவன் கையை எடுக்கவில்லை. அடுத்து கருப்பன். முடிந்து பார்த்தபோது வெளியே சடையன் இல்லை. அதன் பிறகு அவன் வரவில்லை. அங்கம்மாவுக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருத்தன்தான்.

இதை ஊர்ப் பக்கத்து ஆட்களுக்காக எழுதுகிறேன். செத்துப்போன அந்தப் பெண்ணுக்கு ஒரு அண்ணன் உண்டு. கப்பலில் அவன் பேச்சாகவே வந்தாள். அறந்தாங்கிப் பக்கம் என்று மட்டும் எனக்குத் தெரியும். அந்த ஆள் இதைப் படிக்கக் கேட்டால் தெரிந்துகொள்ளட்டும். உன் தங்கச்சி இல்லை. பிள்ளைகள் சுகம். உன் மடி இல்லாமல் காது குத்திவிட்டோம். குலசாமிக்குச் சேரவேண்டிய முடியை அங்கம்மா இரண்டு பங்காக்கி இரண்டு துணியில் முடிந்திருக்கிறாள். ஒன்று எங்கள் சாமிக்கு, ஒன்று உங்கள் சாமிக்கு. உங்கள் சாமி எந்த ஊரில் இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது. நீதான் சொல்லவேண்டும். சொல்வதற்கு உனக்கு என் தோட்டத்தின் பேர் வேண்டும். பேர் தெரிந்தால் நீ வந்து நிற்பாய். பிள்ளைகளைக் கேட்க உனக்கு உரிமை உண்டு.

பேரை எழுதினேன், அடித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். இரண்டு முடிச்சும் கூரைத் தகரத்துக்குக் கீழே ஒரே குறுக்கு மரத்தில் தொங்குகின்றன.