ரெண்டு கோல் போட்டுத் தோற்ற ஆண்டிமடம்

யுத்தம் முடிந்திருந்தாலும் பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் இன்னும் கரி கேஸில்தான் ஓடிக்கொண்டிருந்தன. நான் அப்போது வரதராசன்பேட்டையில் டிரில் மாஸ்டர். ஊர் இளவட்டங்களைச் சேர்த்து, வருஷக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தி, ஒரு ஃபுட்பால் டீம் தேற்றி வைத்திருந்தேன். "கை படக் கூடாதுடா" என்று தூக்கத்தில்கூட உளறுகிறேன் என்பாள் என் மனைவி.

அந்த நேரம் பார்த்து அயர்லாந்துச் சாமியார் ஒருவர் எங்கள் மாதா கோயிலுக்கு வந்து சேர்ந்தார். புத்தகத்தில் படித்த தமிழ். வந்த மாதமே என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மாஸ்டர், எங்கள் தேசத்தில் ஒரு பந்து விளையாட்டு உண்டு. பந்தைக் கையால் பிடிக்கலாம். வருஷந்தோறும் ஊருக்கு ஊர் மோதும். தோற்றவன் வீட்டுக்குப் போவான். அதை இங்கே நடத்துவோம். நீர்தான் ரெஃப்ரி."

"பேரு என்னங்க சாமி?"

"கேலிக் ஃபுட்பால்."

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அது கேலி ஃபுட்பால் ஆகிவிட்டது. போகிற வருகிறவர்களெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பொங்கல் கழிந்ததும் கடலைக் கொல்லை ஒன்றைச் சமன் செய்து, சவுக்குக் கம்பம் நட்டு, குறுக்கே ஒரு கட்டை கட்டினோம். கட்டைக்குக் கீழே பந்து போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. மேலே போனால் ஒரே புள்ளி. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஆனால் நாலு எட்டுக்கு ஒரு தரம் தரையில் தட்ட வேண்டும், இல்லையென்றால் கால் நுனியில் தட்டி மறுபடி கைக்கு வாங்க வேண்டும். ஓடுகிறவன் எட்டை எண்ணுவேனா, சட்டையைப் பிடித்து இழுக்கிறவனைப் பார்ப்பேனா? சாமியாரோ எல்லாம் வெகு சுலபம் என்றார்.

எங்கள் ஊர், ஆண்டிமடம், செந்துறை, ஏலாக்குறிச்சி என்று நாலு டீம். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்குமுன் முடித்தாக வேண்டும் என்பது சாமியாரின் அவசரம். முதல் ஆட்டம் எங்களுக்கும் ஏலாக்குறிச்சிக்கும். எங்கள் பையன்கள் பந்து நெஞ்சுக்கு நேரே வந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஏலாக்குறிச்சிக்காரன் கையால் பிடித்தபோதெல்லாம் நான் பழக்கதோஷத்தில் விசில் ஊதினேன். "ஊதாதீரும் மாஸ்டர்!" என்று சாமியார் எல்லைக் கோட்டுக்கு வெளியே அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். எப்படியோ ஜெயித்தோம். எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

செந்துறைக்கும் ஆண்டிமடத்துக்கும் நடந்த ஆட்டம் அதைவிட மோசம். பஸ் வழியில் நின்று நின்று வந்ததில் செந்துறைக்காரர்கள் வந்து சேர்ந்ததே வெயில் தாழ்ந்த பிறகு. அரை ஆட்டம் போனதும் ரோட்டில் ஹாரன் கேட்டது. அதை விட்டால் திரும்ப வேறு பஸ் கிடையாது. ஆண்டிமடத்தைவிட ரெண்டு புள்ளி கூட வைத்திருந்த டீம், அப்படியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டது.

"யாருங்க சாமி ஜெயிச்சது?"

"மறுபடி ஆட வேண்டும்."

"அவங்க வர மாட்டாங்க சாமி."

வரவில்லை. ஆண்டிமடம் மறு ஆட்டம் ஆடாமலேயே ஃபைனலுக்கு வந்தது.

ஃபைனலுக்குப் பரிசு ஒரு செம்மறிக் கிடா. கழுத்தில் மாலை போட்டுக் கோட்டோரம் கட்டியிருந்தார்கள். ஆண்டிமடம் கேப்டன் முந்திரிக் கொல்லைக்காரர் ஒருவரின் மகன். நல்ல உயரம், பெரிய குரல். அவனே ரெண்டு கோல் போட்டான். எங்கள் ஆட்கள் போட்டது ஒரு கோல்தான். ஆனால் கட்டைக்கு மேலே நாலு தரம் அடித்திருந்தார்கள். குறி தவறித்தான் மேலே போனது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கணக்கு கணக்குதானே? விசில் ஊதி, "ஏழுக்கு ஆறு, வரதராசன்பேட்டை" என்றேன்.

கேப்டன் என் முகத்துக்கு நேரே வந்து நின்றான். "சார், நாங்க எத்தன கோலு?"

"ரெண்டு."

"அவங்க?"

"ஒண்ணு. ஆனா மேல போனது நாலு..."

"மேல போனா வெளிய போச்சுன்னுதானே அர்த்தம்? வெளிய அடிச்சவன் ஜெயிச்சானா?"

உள்ளுக்குள் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். சாமியார் மண்ணில் குச்சியால் கோடு போட்டு விளக்க ஆரம்பித்தார். கூட்டம் கோட்டைச் சுற்றிக் குனிந்திருந்த நேரத்தில் ஆண்டிமடத்தார் கிடாவை அவிழ்த்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தபோது வெறும் முளைக்குச்சிதான் நின்றது.

மறுநாள், கிடாவை மீட்டு வரும்படி சாமியார் என்னை அனுப்பினார். ரெஃப்ரி வேலை என்றால் இதுவும் சேர்த்தி போலிருக்கிறது. சைக்கிளில் உச்சி வெயிலில் ஆண்டிமடம் போய் இறங்கினேன். கேப்டன் வீட்டு வாசலிலேயே மசாலா வாசனை வந்தது.

"வாங்க சார், வாங்க. சரியான நேரத்துக்கு வந்தீங்க. இலை போடச் சொல்றேன்."

"கிடா எங்கப்பா?"

அவன் அடுப்படியைக் காட்டினான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்படியே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் காலையில் குடித்த கஞ்சி எப்போதோ கரைந்துபோயிருந்தது. உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அவன், சோற்றில் கோடு போட்டு அந்த மூன்று புள்ளிக் கணக்கைத் திரும்பத் திரும்பக் கேட்டான். மூன்றாவது தடவை நான் சொல்லும்போது தலையை ஆட்டினான். "அப்ப நாங்க ஒரு புள்ளியிலதான் போனோமா சார்?" என்றான், நிஜமான வருத்தத்தோடு.

திரும்பி வந்ததும் சாமியார் கேட்டார், "கிடா எங்கே?"

"சாப்பிட்டாச்சு சாமி."

"யார்?"

"அவங்களும் நானும்."

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வருஷம் வேறு ஆளைப் பாருங்கள் என்று விசிலை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

வேறு ஆள் என்று அவர் பிடித்தது அந்த ஆண்டிமடம் கேப்டனை. அவனும் ஒப்புக்கொண்டுவிட்டான். ஒரே ஒரு ஆட்டம் பார்க்கப் போனேன். ஏலாக்குறிச்சிக்காரர்கள் அவனைச் சுற்றி வளைத்திருந்தார்கள். தொண்டை கட்டிப்போய், கையால் கம்பத்தை மேலும் கீழும் காட்டிக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்ததும், "சார், நீங்களாவது சொல்லுங்க சார்!" என்று கத்தினான்.

வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு மறுகோடியில் போய் உட்கார்ந்தேன்.