சமையலறையில் மூன்றாவது ஆள்

எங்கள் தெருவில் அவரைச் சாவிக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். ஐந்து அறைகள் கொண்ட சிறிய விடுதி நடத்துகிறார். மாடியில் தங்க வருபவர்கள். கீழே வரவேற்பு மேஜை, துவைத்த விரிப்புகளை அடுக்கும் துணி அறை, சமையலறை. வீடும் அதுதான், தொழிலும் அதுதான். இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுகிறார் என்று எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி இருந்தது.

முரடர்களிடம் அவருக்குக் கஷ்டமே இல்லை. குடித்துவிட்டு வந்து நடு ஹாலில் பாட்டுப் பாடியவரை, குரலை உயர்த்தாமல் மறுநாள் காலையிலேயே பெட்டி கட்ட வைத்தார். அதில் வியக்க ஒன்றுமில்லை. மோசமாக நடப்பவரைத் தடுக்கும்போது நியாயம் தானாகக் கைக்கு வந்துவிடுகிறது. நல்லவரை எப்படித் தடுப்பது?

நாலாம் அறைக்கு வந்த மெக்கானிக் நல்லவர். பக்கத்து ஆலையில் புது இயந்திரம் பொருத்த வந்தவர். இரவு வேலை, பகலில் தூக்கம். வந்த அன்றே சாவிக்காரம்மாவை அக்கா என்றார். அவர் அக்கா ஆனதும் கணவர் மாமா ஆனார். மாமாவும் அமைந்துவிட்ட பிறகு சமையலறைக்குள் வர யாரைக் கேட்க வேண்டும்?

காலி செய்பவர்கள் போய், அறைகளைக் கூட்டித் துடைத்து, அடுத்தவர்கள் வருவதற்குள் மதியத்தில் கொஞ்ச நேரம் கிடைக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது, பேசுவது, சண்டை போடுவது எல்லாம் அப்போதுதான். மெக்கானிக் பார்த்துப் பார்த்து அந்த நேரத்துக்கே இறங்கி வந்து, தானே டீ போட்டுக்கொண்டு, மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளத் தொடங்கினார். ஒருநாள் தண்ணீர்த் தொட்டியை மாற்றுவதா வேண்டாமா என்று இருவருக்கும் வாக்குவாதம்.

"மாமா, அக்கா சொல்றதுதான் சரி," என்று இவர் தீர்ப்புச் சொன்னார்.

மாமா எழுந்தார். தட்டை எடுத்துக்கொண்டு துணி அறைக்குப் போய், விரிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்தடுத்த நாட்களும் அங்கேதான். நாள் முழுக்க ஊராருக்குக் கதவு திறந்துவிடும் பெண்ணுக்கு, தனக்கென்று இருந்த ஒரே நேரமும் கைவிட்டுப் போயிற்று.

முதலில் சமையலறைக் கதவில் ஓர் அட்டை தொங்கவிட்டார்: 'வீட்டு ஆட்களுக்கு மட்டும்.' அன்று டீ கேட்டு எட்டிப் பார்த்த இரண்டாம் அறைக்காரரை, உள்ளே உட்கார்ந்திருந்த மெக்கானிக்கே எழுந்து போய் மடக்கினார். "சார், போர்டு பாக்கலையா?" என்று கேட்டு அனுப்பிவிட்டு வந்து, இனி யாரும் தொல்லை தரமாட்டார்கள் என்று அக்காவுக்குத் தைரியம் வேறு சொன்னார்.

சரி, தம்பி என்றால் தம்பி வேலை செய்யட்டும் என்று பாத்திரம் கழுவ விட்டார். வெங்காயம் நறுக்கக் கொடுத்தார். நறுக்கியது சரியில்லை என்று திட்டியும் பார்த்தார். ஆள் ஓடிவிடுவார் என்பது கணக்கு. தன் சொந்த அக்காகூட இவ்வளவு உரிமையாகத் திட்டியதில்லை என்று மெக்கானிக் நெகிழ்ந்துபோனார்.

அதன்பிறகுதான் நேராகச் சொன்னார். இதைத் துணிச்சல் என்று சொல்லத் தயங்குகிறேன். சுற்றுவழிகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன.

"தம்பி, உங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. நாளையிலேருந்து மத்தியானம் இங்க வராதீங்க. டீ ரூமுக்கே வந்துடும்."

"என்ன தப்புக்கா பண்ணேன்?"

"தப்பெல்லாம் இல்ல. நீங்க இங்க உக்காந்தா அவரு துணி ரூம்ல போய் உக்காந்துக்கறாரு."

மெக்கானிக் விழித்தார். "அவரு எழுந்து போறதப் பாத்து, உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லன்னுல்ல நெனச்சேன்? நீங்க தனியா சாப்பிட வேணாமேன்னுதான் தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு வந்தேன்."

சாவிக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனசும் இளகிற்று என்றுதான் என்னிடம் சொன்னார். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "ரொம்ப நல்ல மனசு தம்பி. ஆனாலும் வராதீங்க," என்றார். அவரிடம் நான் பாராட்டுவது இந்த 'ஆனாலும்' ஒன்றைத்தான்.

மறுநாள் கணவர் தட்டோடு வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

"எங்க அவன்?"

"வர வேணாம்னு சொல்லிட்டேன்."

உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். "பாவம், மேல ஒத்தையிலயா சாப்பிடறான்?"

அவ்வளவுதான். யாருக்காக அவனை வெளியே அனுப்பினேன் என்று ஆரம்பித்தது; போன வருஷம் வாங்கிய கட்டில்களுக்குத் தாவி, அங்கிருந்து கணவருடைய தம்பி பெண்டாட்டி சொன்ன ஏதோ ஒரு பேச்சுக்குப் போய், மாடி வரை கேட்டது. படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. இருவரும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். சத்தம் பாதிப் படியில் நின்றது. கொஞ்சம் யோசித்தது போலிருந்தது. பிறகு மெல்ல மேலே ஏறிப்போயிற்று.

"எங்க விட்டேன்?" என்று கணவர் கேட்டார்.

சாவிக்காரம்மா எடுத்துக்கொடுத்தார்.