ஒன்பது கூட்டல் குறிகள்

ஸ்காட்லாந்து ஜெயிக்க வேண்டும் என்று கொல்லிமலையில் பதினோரு பேர் வேண்டிக்கொண்ட ஒரு வாரம் உண்டு. பதினோரு பேர்தானா என்று இன்றும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறேன். சில நாள் பத்துதான் வருகிறது. விடுபட்டது யார் என்று தெரியும்வரை மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. குண்டூர் நாட்டுப் பக்கம் வெள்ளைக்காரத் துரை ஒருவர் பார்த்துக்கொண்ட காப்பித் தோட்டத்தில் அப்பா கணக்கெழுதும் ரைட்டர். சித்தப்பாவுக்குக் காப்பிக்கொட்டை காயும் களத்தில் காவல் வேலை. தை மாதத்தில் வழக்கமாகப் பெய்யாத மழை ஒரு மத்தியானம் பெய்தது. சித்தப்பா அந்த நேரம் களத்தில் இல்லை. எட்டு மாதக் கர்ப்பிணியான சித்தி கேட்டாள் என்று நெல்லிக்காய் பறிக்கப் போயிருந்தார். களம் முழுதும் நனைந்து போயிற்று. மாதக் கடைசிக்குள் சித்தப்பா குடும்பம் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையைக் காலி செய்துவிட்டு மலையிறங்க வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்க அப்போது ஒற்றையடிப் பாதைதான். சித்தியைத் தொட்டில் கட்டித்தான் இறக்க வேண்டும். இறக்கினாலும் கீழே தங்குவதற்கு வீடு கிடையாது.

துரையிடம் மன்னிப்புக் கேட்க ஒரு நல்ல நாள் வேண்டும். அது எது என்று சொல்லக்கூடியவர் பங்களாச் சமையல்காரர் ஒருவர்தான்.

"அவங்க ஊருப் பந்தாட்டத்தப் பொறுத்துதானுங்க எல்லாம்," என்றார் அவர். "போன வருசம் தோத்தப்ப மூணு நாளு சூப்பத் தொடலீங்க. அதுக்கு முந்தின வருசம் ஜெயிச்சப்ப எனக்கு ஒரு ஸ்வெட்டரே குடுத்துட்டாரு."

ரக்பி என்று அதற்குப் பெயர். அப்பா ஆங்கிலப் பத்திரிகையில் பார்த்துச் சொன்னார். பலாப்பிஞ்சு மாதிரி ஒரு பந்து. நான்கைந்து நாடுகள் வருடந்தோறும் மோதிக்கொள்ளும். சனிக்கிழமை ஆட்டம் நடந்தால் தபால்காரர் முதுகில் ஏறி அந்தச் செய்தி எங்களிடம் வர வியாழக்கிழமை ஆகிவிடும். அந்த முறை ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஆட்டம்.

லயத்து வாசலில் சாயங்காலம்தோறும் வாக்குவாதம். பந்தை ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் அபிப்பிராயம் இல்லாதவர் ஒருவரும் இல்லை.

"இங்கிலாந்து ஜனம் சாஸ்தியுங்க. ஊருக்கு ஒருத்தனப் பொறுக்குனாலும் பதினஞ்சு பேரு பயில்வானாக் கெடைப்பான்," என்றார் சமையல்காரர்.

"அது சமவெளியுங்க," என்றார் சித்தப்பா. "தொரையோட ஊரு மலை. மலையேறுன காலோட கீழ்நாட்டுக்காரன் ஓட முடியுமா? கீழ்நாட்டுக்காரரு நீங்களே போன வாரம் மொளகு மூட்டையத் தூக்கிட்டு எத்தன எடத்துல குந்துனீங்க?"

"ஆறு எடத்துல," என்றேன் நான். எண்ணியிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சமையல்காரர் கட்சி மாறிவிட்டார்.

ஆனாலும் நிச்சயமாகத் தெரிய வேண்டும். ஜெயித்திருந்தால் பத்திரிகை வந்த பிறகு போய்க் கேட்பது நல்லது. தோற்றிருந்தால் அது வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கல்யாணத்துக்கும் கிணற்றுக்கும் செய்வதைப் போல இதற்கும் அம்மனிடம் பூக் கேட்பது என்று சித்தப்பா முடிவு செய்தார். வெள்ளைப் பூ ஒரு இலையில், சிவப்புப் பூ ஒரு இலையில் பொட்டலமாகக் கட்டிச் சன்னிதியில் போடுவார்கள். குழந்தை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் நினைத்தது நடக்கும்.

"ஆட்டம் சனிக்கிழமையே முடிஞ்சு போச்சு. இப்பப் பூக் கேட்டு என்ன ஆகப்போகுது?" என்றார் அப்பா.

"முடிஞ்சத மாத்தச் சொல்லலீங்களே அண்ணா. என்னாச்சுன்னு சொல்லத்தானே சொல்றோம்."

பூசாரிக்கு வேறு சந்தேகம். "அந்த ஊரு எந்தப் பக்கம்னு அம்மனுக்குத் தெரியோணுமல்ல?"

"மலைதானுங்க," என்றார் சித்தப்பா. "குளிரு கொஞ்சம் சாஸ்தி. அம்மனுக்குத் தெரியாத மலையா?"

செவ்வாய்க்கிழமை காலை நான்தான் பொட்டலத்தை எடுத்தேன். வெள்ளை அரளி. ஆகவே வியாழக்கிழமை வரை காத்திருப்பது என்று ஆயிற்று.

புதன்கிழமை துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சமையல்காரர் வாய் சும்மா இருக்கவில்லை. பங்களாவுக்கு நாற்பத்திரண்டு படி. எண்ணிக்கொண்டே ஏறினேன்.

துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவரில் ஒரு பழைய போட்டோ. இரண்டு வரிசையாகப் பதினைந்து இளைஞர்கள், நடுவில் இருந்தவர் மடியில் பந்து. ஓரத்தில் மீசையில்லாமல் நின்றவர் துரை என்று காதை வைத்துக் கண்டுபிடித்தேன். சிலருடைய தலைக்கு மேல் மையால் சிறிய கூட்டல் குறி போட்டிருந்தது.

"உன் சாமி என்ன சொல்லிச்சு?" என்று தமிழில் கேட்டார்.

"வெள்ளைப் பூ வந்துச்சுங்க. உங்க ஊரு ஜெயிச்சிருக்கும்."

"எங்க ஊருக்காகவா கேட்டீங்க?"

"ஆமாங்க. பதினோரு பேரு."

அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். பயத்தில் எனக்குப் படத்திலிருந்த குறிகளை எண்ணத்தான் தோன்றியது. எண்ணி முடித்துக் கேட்டேன்: "குறி போட்ட ஒம்பது பேரும் நல்லா ஆடுனவங்களா?"

துரை திரும்பிப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா," என்றார். "ஒம்பது பேரும் நல்லா ஆடினாங்க."

பிறகு மேசையிலிருந்த பிஸ்கட்டில் மூன்றை என் கையில் வைத்து, "சித்தப்பாவை நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு. பிள்ளை இங்கேயே பிறக்கட்டும்," என்றார்.

நான் ஓடிவந்து சொன்னதும் சித்தி அழுதாள். சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். அன்று சாயங்கால வாக்குவாதத்தில் நான்தான் பெரிய மனிதன்.

"பதினஞ்சுல ஒம்பது பேரு கெட்டிக்காரனாம். அப்பறம் எப்படித் தோப்பான்?" என்றார் சித்தப்பா. "படத்துலயே குறி போட்டு வெச்சிருக்காரே."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பதினான்கு வருடம் அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்த சமையல்காரர் மட்டும் வாய் திறக்கவில்லை. என் தலையில் ஒரு தடவை கை வைத்துவிட்டு, "நேரமாச்சு, வாரேன் கண்ணு," என்று எழுந்து போனார். அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

மறுநாள் பத்திரிகை வந்தது. ஸ்காட்லாந்து தோற்றிருந்தது. துரை சூப்பைத் தொடவில்லை. ஆனால் சொன்ன வார்த்தையை மாற்றவில்லை. அம்மன் பந்தாட்டத்தைச் சொல்லவில்லை, சித்தப்பா வேலையைத்தான் சொன்னாள் என்று பூசாரி விளக்கம் சொன்னார். அந்த மாசியில் தங்கை பிறந்தாள். ஒன்பது பேர் அப்படி ஆடியும் எப்படித் தோற்றது என்பது மட்டும் லயத்து வாசலில் பல நாள் பேச்சாக இருந்தது.

பத்து வருடம் கழித்து, திருச்சியில் படிக்கும்போது, கல்லூரி மண்டபத்துச் சுவரில் அதே மாதிரி ஒரு போட்டோவைப் பார்த்தேன். சில தலைகளுக்கு மேல் அதே குறி. கீழே ஒரு வரி: குறியிட்டவர்கள் போரில் உயிர்நீத்தோர்.

அங்கேயே நின்று எண்ண ஆரம்பித்தேன், அந்தப் படத்தை அல்ல, துரை வீட்டுப் படத்தை. எட்டு வயதில் தலைகளை எண்ணினேன், குறிகளை எண்ணினேன், பங்களாப் படிகளைக்கூட எண்ணினேன். பதினைந்தில் ஒன்பது போக ஆறு என்ற கழித்தலை மட்டும் போடவில்லை.