மஞ்சள் புள்ளி வைத்த பெல்ட்

மெக்கானிக்கின் விரல்கள் வேனின் பெல்ட்டைக் கிள்ளிப் பிடித்துத் திருப்பிப் பார்த்தன. கால் சுற்றுக்கு மேல் திரும்பக் கூடாது. இது தாராளமாகத் திரும்பியது. ஓரம் நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. விரல்கள் அதைக் கழற்றி, துணியால் முதுகைத் துடைத்தன. கரிக்கு அடியில் கடுகளவு மஞ்சள் புள்ளி ஒன்று தெரிந்தது.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் வண்டிக்குச் சொந்தக்காரி. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் அவளுடையது.

"ஒண்ணுமில்லம்மா."

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. பிள்ளைங்களோட நடுரோட்டுல நின்னது நான். இன்னொரு தடவை நின்னா வேற வண்டி பாத்துக்கறோம்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. நீங்க போடறது புதுசுதானா?"

"உங்க கண்ணு முன்னாடிதானே டப்பாவைப் பிரிச்சேன்."

"டப்பா புதுசுதான். உள்ள இருந்தது?"

இதே கேள்வியைத்தான் இத்தனை நாளும் அவரும் மனதுக்குள் வேறொருவனைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரை எல்லோரும் நூல்காரர் என்பார்கள். வண்டிகளைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவர். பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க மற்றவர்கள் இரும்புச் சட்டம் வைப்பார்கள். இவர் சட்டைப்பையில் கொத்தனார் நூல் வைத்திருந்தார். பெல்ட்டும் புல்லியும் இவர் பாடு. ஓடும் வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், தங்கை புருஷனான மாப்பிள்ளையின் பாடு. அதைப் பிரித்தால் பெல்ட்டைத் திரும்ப மாட்டுவதும் அவனே.

இருவருக்கும் ஒரே ஷெட், சாமான் கழுவ ஒரே மண்ணெண்ணெய்த் தட்டு. தட்டில் கிடப்பதை எடுக்கும் முன் "யாருது?" என்று உரக்கக் கேட்க வேண்டும். மற்றவர் பதில் சொன்ன பிறகுதான் கை வைக்கலாம். ஷெட்டின் ஒரே சட்டம் அது.

அந்தக் குரல் சில மாதங்களாகக் கேட்கவில்லை. போலிச் சாமான் விற்கும் கடையிலிருந்து மாப்பிள்ளை எதையோ சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வருவதை நூல்காரர் ஒரு நாள் பார்த்துவிட்டார். கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான், பொய் சொன்னால் சண்டை வரும், சண்டை வந்தால் தங்கை நடுவில் கிடந்து தவிப்பாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதோடு சரி.

அந்த வாரம்தான் இந்த வேன் ஆல்டர்னேட்டர் பேரிங் போய் வந்தது. மாப்பிள்ளை சரிசெய்து, இவர் கொடுத்த புது பெல்ட்டை மாட்டினான். அது சீக்கிரமே அறுந்தது. ஒரிஜினலை அமுக்கிக்கொண்டு போலியை மாட்டிவிட்டான் என்று நூல்காரர் முடிவே கட்டிவிட்டார். அடுத்த பெல்ட்டின் முதுகில் ரகசியமாக மஞ்சள் பெயின்ட்டில் புள்ளி வைத்து, மாட்டச் சொல்லி அவனிடம் கொடுத்தார். புள்ளியில்லாத பெல்ட் திரும்பி வந்தால் ஷெட்டை இரண்டாகப் பிரித்துவிடுவது. தங்கை அழுதாலும் சரி.

இப்போது புள்ளி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெயின்ட் டப்பா அலமாரியில்தானே கிடக்கிறது, அவனும் போலியில் ஒரு புள்ளி வைத்திருந்தால்? நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அவருடைய பிரஷின் மயிர் ஒன்று பெயின்ட்டோடு காய்ந்து ஒட்டியிருந்தது. அதே பெல்ட்தான்.

அப்புறம்தான் ஓரத்தைக் கவனித்தார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. முந்தின பெல்ட்டும் அப்படித்தான் தேய்ந்தது. அன்று கண் மாப்பிள்ளை மேல் இருந்தது, பெல்ட் மேல் இல்லை.

நூலை எடுத்தார். மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

"மாப்ள, இதைப் பிடி."

அவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து பிடித்தான். கீழ்ப் புல்லியின் முகத்தில் ஒட்டிக் கிடந்த நூலை ஆல்டர்னேட்டர் புல்லி ஒரு மயிரிழை வெளியே தள்ளியது. கழற்றினார்கள். ஒரு வாஷர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு.

"ரெண்டு எதுக்குப் போட்டே?"

"தட்டுல ரெண்டு கிடந்துச்சு. ரெண்டும் இதோடதுன்னு நினைச்சேன்."

"யாருதுன்னு கேக்கறதுக்கென்ன?"

"கேட்டா பதில் சொல்ற மூஞ்சியா வச்சிருந்தீங்க மச்சான்?"

இரண்டாவது வாஷரில் அரம் பட்ட கோடு இருந்தது. வேனின் ஆல்டர்னேட்டரைப் பிரித்த அன்று ஒரு டாக்ஸியின் பழைய புல்லியிலிருந்து அதைக் கழற்றித் தட்டில் போட்டவர் நூல்காரர்தான். அதைத் தூர எறிந்தார்.

புல்லியை மறுபடி மாட்டி, கையால் சுழற்றி, பேரிங்கில் சத்தம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மீண்டும் நூல் பிடித்தார்கள். நேராக நின்றது. புது பெல்ட் ஏறியது. வேன்காரி தானே ஸ்டார்ட் செய்து, விளக்கு, வைப்பர், ஃபேன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாள். கிறீச்சிடவில்லை; பேட்டரி விளக்கும் அணைந்தே இருந்தது. அவள் முகம் மட்டும் மாறவில்லை.

"பழைய பெல்ட்டைக் குடுங்க. எங்கிட்டயே இருக்கட்டும்." வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன புள்ளி?"

நூல்காரர் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை சொன்னான்: "அது எனக்கு வச்ச பொறிம்மா. மாட்டும்போதே பாத்துட்டேன்."

வேன்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நூல்காரர் துணியால் கையைத் துடைத்தார். சுத்தமாக இருந்த விரலையும் சேர்த்துத் துடைத்தார்.

"அந்தப் போலிக் கடையில உனக்கு என்ன வேலை?"

மாப்பிள்ளை முகவாயால் வாசலைக் காட்டினான். அவனுடைய ஸ்கூட்டரில் ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் புதிது. வேன் இன்ஜின் அதிர்வுக்கே வெடவெடவென்று நடுங்கியது. "ஒரிஜினல் வாங்க வக்கில்ல. உங்களுக்குத் தெரிஞ்சா வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்லிச் சிரிப்பீங்க."

சிரித்திருப்பார்தான். கண்ணாடியைப் பார்த்தார். சட்டைக்குள் மறைக்கும் அளவுதான் அது.

"சரி, நாளைக்கு வண்டி நின்னா நான் யாரைப் பிடிக்கிறது?" என்றாள் வேன்காரி. "உங்களையா, இவரையா?"

"ரெண்டு பேரையும்தான்." நூல்காரர் இன்ஜினை அணைத்து, சாவியை உருவி மாப்பிள்ளையின் கையில் வைத்தார். "நீயே குடு."

அவன் அதை அவளிடம் நீட்டினான். பழைய பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வாங்கிக்கொண்டாள்.